ஹொண்டாஜெட்: எஞ்சின் ஏன் இறக்கைக்கு மேலே, மட்டக்களப்பில் இறங்குமா?

களுவாஞ்சிக்குடியில் உயர்தரம் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஹொண்டாஜெட் என்ற சின்ன விமானத்தின் படத்தைப் பார்த்தாராம். எஞ்சின் இரண்டும் இறக்கைக்கு மேலே நிற்கிறதே, இது வெறும் அழகுக்கா? மோட்டார் சைக்கிள் கம்பனி எப்படி ஜெட் விமானம் செய்யப் போனது? எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு தூரம் போகும்? எங்கட மட்டக்களப்பு ஓடுபாதையில் இறங்குமா, இங்கிருந்து நேரே துபாய் போகலாமா?

வளைகுடாவில் சிறிய ஜெட் விமானங்களைப் பராமரிக்கும் ஹேங்கரில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுமையாக வாசியுங்கள் தம்பி.

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: அழகுக்கு இல்லை, இடத்துக்கு. இலகு ஜெட் ஒன்றை வடிவமைக்கிறவருக்குக் கையில் இருப்பது மிகச் சிறிய உடல், மிகக் குறைந்த எடை. அதற்குள் ஆட்களுக்கு இடம், எரிபொருளுக்கு இடம், வேகம், குறுகிய ஓடுபாதை என்று எல்லாமே வேண்டும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். விளம்பரப் புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் அச்சடித்திருக்கும் எண்கள் எல்லாம் ஒரே பயணத்தில் ஒன்றாகக் கிடைப்பதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும்.

ஹொண்டாவுக்கு முன்பே இந்த வகைக்கு ஒரு கதை இருக்கிறது. லியர்ஜெட் 23 முதன்முதல் பறந்தது 1963 ஒக்டோபர் 7 இல். பில் லியர் அதை ஒரு சுவிஸ் போர் விமானத் திட்டத்தில் இருந்து வளர்த்தெடுத்தார். எஞ்சினும் இராணுவ ஜெட் எஞ்சினின் உறவுதான். அதனால் வேகத்துக்குக் குறைவில்லை. சத்தத்துக்கும் எரிபொருள் குடிப்பதற்கும் குறைவில்லை. விமானியின் கை தவறினால் மன்னிக்கிற விமானமும் இல்லை. 1969 செப்டம்பரில் செஸ்னா கம்பனி சைட்டேஷன் என்ற ஜெட்டைப் பறக்கவிட்டது. நேரான இறக்கை, அமைதியான டர்போஃபேன் எஞ்சின். வேகம் போதாது என்று போட்டிக்காரர்கள் அதைக் கேலி செய்தார்கள். ஆனால் சின்ன ஓடுபாதையில் இறங்கியது, ஓட்டுவதற்கு இலேசாக இருந்தது, அப்புறம் விற்பனையும் பிய்த்துக்கொண்டு போனது. இலகு ஜெட் வாங்குகிறவன் வேகத்தை மட்டும் பார்ப்பதில்லை என்று முதலில் நிரூபித்தது சைட்டேஷன்தான்.

2000களில் இன்னும் சிறிய ஜெட்கள் வானத்தை நிறைக்கப் போகின்றன என்று ஒரு பரபரப்பு கிளம்பியது. எக்லிப்ஸ் 500 என்ற விமானம் 2006 இல் சான்றிதழ் பெற்றது, அதாவது பறக்கத் தகுதியானது என்ற அரசாங்க அனுமதி. 2008 இல் கம்பனியே வங்குரோத்து ஆனது. பிரேசிலின் எம்ப்ரேயர் நிறுவனம் 2008 இல் பீனம் 100, 2009 இல் பீனம் 300 என்று இரண்டைக் கொண்டுவந்து நிலைத்து நின்றது. ஹொண்டா வந்து சேர்ந்தது இந்தச் சந்தைக்குத்தான்.

எங்கட வயல்களில் ஹொண்டா என்றால் நீரிறைக்கும் பம்ப், தெருவில் என்றால் மோட்டார் சைக்கிள். ஆனால் கம்பனியை ஆரம்பித்த சோய்சிரோ ஹொண்டாவுக்குச் சின்ன வயதிலேயே விமானப் பித்து. 1917 இல் ஆர்ட் ஸ்மித் என்ற அமெரிக்க விமானி ஜப்பானில் சாகசம் காட்ட வந்தபோது, சிறுவன் சோய்சிரோ சைக்கிளில் போய்ப் பார்த்ததாகச் சொல்வார்கள். விமான ஆராய்ச்சியைக் கம்பனி முறையாகத் தொடங்கியது 1986 இல். மிச்சிமாசா ஃபுஜினோ என்ற இளம் பொறியியலாளர் உட்பட ஒரு சின்னக் குழுவை அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தின் விமான ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அவர்கள் செய்த எம்எச்02 என்ற பரிசோதனை ஜெட் 1993 இல் பறந்தது. முழு உடலும் கூட்டுப்பொருளால், அதாவது நாரும் பிசினும் சேர்ந்த பொருளால் ஆனது. முன்னோக்கி வளைந்த இறக்கை, கனடாவில் செய்த எஞ்சின். விற்பதற்கு அல்ல, கற்றுக்கொள்வதற்காகச் செய்த விமானம். 1996 இல் அந்தத் திட்டத்தை முடித்துக்கொண்டார்கள்.

பெரும்பாலான கம்பனிகள் அந்த இடத்தில் கணக்கை மூடியிருக்கும். ஃபுஜினோ 1997 இல் ஒரு கலண்டர் தாளின் பின்பக்கத்தில் புதிய வடிவம் ஒன்றைக் கீறினார் என்று அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். எஞ்சின் இறக்கைக்கு மேலே நிற்கும் வடிவம் அதுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம், கேள்வியின் உயிர் இதில்தான் இருக்கிறது.

பெரிய விமானங்களில் எஞ்சின் இறக்கைக்குக் கீழே தொங்கும். சின்ன ஜெட்டில் அது முடியாது. உடல் தரையோடு ஒட்டி நிற்கிறது, கீழே தொங்கவிட்டால் எஞ்சின் தரையைத் தொடும் அல்லது ஓடுபாதையில் கிடக்கிற கல்லை உறிஞ்சும். சில்லுக் கால்களை நீட்டலாம், ஆனால் எடை கூடும், படியும் உயரும். அதனால் லியர்ஜெட் காலத்தில் இருந்து எல்லாரும் எஞ்சினை உடலின் பின்பக்கத்தில் இரண்டு காதுகள் மாதிரி ஒட்டினார்கள். அதற்கு உடலுக்குள்ளே குறுக்காக வலுவான சட்டம் போட வேண்டும். அந்தச் சட்டம் பின்பக்க இடத்தைத் தின்றுவிடும். எஞ்சினின் அதிர்வும் இரைச்சலும் நேரே உடலுக்குள் இறங்கும். பெரிய விமானத்தில் ஒரு மீற்றர் இடம் போனால் பரவாயில்லை. மொத்தம் பதின்மூன்று மீற்றர் நீளமுள்ள விமானத்தில் அது மலசலகூடமா பயணப்பெட்டியா என்ற சண்டையாகிவிடும்.

அப்படியென்றால் மேலே வைத்தால் என்ன? அதையும் முன்பே செய்து பார்த்திருக்கிறார்கள். 1971 இல் பறந்த ஜேர்மனியின் விஎஃப்டபிள்யூ 614 என்ற சிறிய பயணிகள் விமானத்தில் எஞ்சின்கள் இறக்கைக்கு மேலேதான் இருந்தன. இருபதுக்கும் குறைவாகத்தான் கட்டினார்கள், அதோடு அந்த யோசனையும் கிடப்பில் போனது. காற்றியக்கவியல் படித்தவர்களுக்கு இறக்கையின் மேற்பரப்பு கை வைக்கக் கூடாத இடம். காரணம் இதுதான். தூக்குவிசை பிறப்பது பெரும்பாலும் மேற்பரப்பில் காற்று வேகமாக ஓடுவதால். விமானம் ஒலியின் வேகத்தில் நூற்றுக்கு எழுபது பங்கில் போனாலும், இறக்கையின் முதுகில் ஓடும் காற்று சில இடங்களில் ஒலியையே தாண்டிவிடும். தாண்டிய காற்று திடீரென்று வேகம் குறையும் இடத்தில் ஒரு அதிர்ச்சி அலை உண்டாகும். அந்த அலை இழுவையைக் கூட்டும். கல்லடிப் பாலத்தின் தூண்களுக்கு இடையே வாவித் தண்ணீர் நெருக்கப்பட்டு வேகமாக ஓடுவது போல, இறக்கைக்கும் எஞ்சினை மூடியிருக்கும் கூட்டுக்கும் இடையில் காற்று நெருக்குப்பட்டால் இன்னும் வேகம் எடுக்கும், அலை இன்னும் பலமாகும். ஆகவே அங்கே எஞ்சினை வைத்தால் விமானம் எரிபொருளைக் கொட்டித்தான் பறக்கும் என்பது அன்றைய முடிவு.

ஃபுஜினோ கண்டுபிடித்தது, அந்த முடிவு எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதை. எஞ்சின் கூட்டின் வாயை இறக்கையின் முன்விளிம்பில் இருந்து இறக்கை அகலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு பின்னுக்குத் தள்ளி, சரியான உயரத்தில் வைத்தால் கதை மாறுகிறது. கூட்டுக்கு முன்னால் வருகிற காற்று கூட்டைச் சந்திக்கும் முன்பே சற்று வேகம் தணிகிறது. அந்தத் தணிவு இறக்கையில் இருக்கும் அதிர்ச்சி அலையை மென்மையாக்குகிறது. அதிவேகத்தில் எஞ்சின் இல்லாத வெறும் இறக்கையைவிட எஞ்சினோடு சேர்ந்த இறக்கைக்கு அலை இழுவை குறைவாக வருகிற ஒரு சின்ன இடம் இருக்கிறது. அந்த இடத்தில் இருந்து கொஞ்சம் விலகினாலும் பலன் போய்விடும், நட்டமாகவும் மாறலாம். கணினிக் கணக்கை மட்டும் நம்பாமல், போயிங் கம்பனியின் காற்றுச் சுரங்கத்தை வாடகைக்கு எடுத்துச் சோதித்தார்கள். அமெரிக்க விமான, விண்வெளிப் பொறியியலாளர் சங்கம் 2012 இல் அவருக்கு விமான வடிவமைப்பு விருது கொடுத்தது இந்த வேலைக்காகத்தான்.

இலவசமாக எதுவும் வராது. இறக்கையின் பின்பகுதியில் கனமான எஞ்சினை ஏற்றினால் இறக்கை படபடத்து நடுங்கும் ஆபத்து கூடும், அதற்குத் தனியாகச் சோதனைகள் தேவைப்பட்டன. எஞ்சின் விமானத்தின் ஈர்ப்பு மையத்துக்கு மேலே இருப்பதால், உந்துவிசையைக் கூட்டும்போது மூக்கு கீழே சாயப் பார்க்கும். வால் இறக்கையை எஞ்சின் புகையில் படாமல் ஆங்கில ‘டி’ எழுத்துப் போல உச்சியில் வைக்க வேண்டும். பராமரிக்கிறவனுக்கு ஏணி வேண்டும் என்பதையும் என் பங்குக்குச் சேர்த்துக்கொள்கிறேன், வடிவமைப்பாளர்கள் அதை எங்கும் எழுதுவதில்லை.

இத்தனைக்கும் பலனாகக் கிடைத்தது உடல் முழுக்க வெறுமையான உள்ளிடம். பின்னுக்குக் கதவோடு கூடிய மலசலகூடம், அதற்கும் பின்னால் பெரிய சாமான் அறை. இந்த அளவு விமானங்களில் பல, ஒரு திரைச்சீலையோடு அந்த விடயத்தை முடித்துக்கொள்கின்றன.

இறக்கையும் மூக்கும் இன்னொரு கெட்டிக்காரத்தனம். காற்று மேற்பரப்பை ஒட்டிக் குழம்பாமல் அடுக்கடுக்காக ஓடினால் இழுவை குறையும். அதற்கு மேற்பரப்பு கண்ணாடி போல இருக்க வேண்டும், ஆணித்தலையோ தகட்டு விளிம்போ துருத்தக் கூடாது. அதனால் இறக்கைத் தோலைக் கனமான அலுமினியப் பலகையில் இருந்து கடைந்தெடுத்தார்கள். உடலைக் கார்பன் கூட்டுப்பொருளில் வார்த்தார்கள். ஆனால் முன்விளிம்பில் பூச்சி அடித்துக் காய்ந்து கிடந்தாலே ஓட்டம் குழம்பும். மாரி காலத்தில் எங்கட பக்கத்து ஈசலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் என்று உப்புக் காற்றும் சேர்ந்தால், துடைக்கிற வேலையும் எஞ்சினை நல்ல தண்ணீரால் கழுவுகிற வேலையும் வளைகுடாவில் நான் செய்ததைவிடக் கூடவே இருக்கும்.

எஞ்சினையும் ஹொண்டாவே தொடங்கியது. முதல் மாதிரி விமானம் எச்எஃப்118 என்ற சொந்த எஞ்சினோடு 2003 டிசம்பர் 3 இல் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் பறந்தது. அடுத்த வருடம் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து எச்எஃப்120 ஐ வளர்த்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 2,050 இறாத்தல் உந்துவிசை, அதாவது ஏறக்குறைய 930 கிலோ விசை. எஞ்சின், உடல் இரண்டையும் ஒரே குடும்பம் செய்வது விமான உலகில் அபூர்வம். இரண்டும் புதிது என்றால் சான்றிதழ் வேலையும் இரட்டிப்பு. எஞ்சினுக்கு அமெரிக்கச் சான்று 2013 டிசம்பரில்தான் வந்தது, விமானத்துக்கு 2015 டிசம்பரில். விற்கப்போகிறோம் என்று அறிவித்தது 2006 இல். அப்போது சொன்ன விலை 36 இலட்சத்து 50 ஆயிரம் டொலர், முதல் விமானத்தைக் கையில் கொடுக்கும்போது 45 இலட்சம். ஆராய்ச்சி தொடங்கியதில் இருந்து எண்ணினால் ஏறக்குறைய முப்பது வருடம். இவ்வளவு காலம் பணத்தைக் கொட்ட வேறு வியாபாரம் இருக்கிற கம்பனியால்தான் முடியும். எக்லிப்ஸ் விழுந்ததற்கும் ஹொண்டா நின்றதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் எஞ்சின் நிற்கும் இடம் இல்லை, பின்னால் நின்ற பணம் என்பது என் கருத்து.

சரி, இப்போது எண்கள். முதலாவது வகை ஹொண்டாஜெட் 12.99 மீற்றர் நீளம், இறக்கை முனைக்கு முனை 12.12 மீற்றர், உயரம் 4.54 மீற்றர். புறப்படும்போது அதிகபட்ச எடை சுமார் 4,808 கிலோ. வேகம் 30,000 அடி உயரத்தில் 422 நொட், அதாவது மணிக்குச் சுமார் 780 கிலோமீற்றர். உச்ச உயரம் 43,000 அடி. ஒரு விமானி தனியாக ஓட்ட அனுமதி உண்டு, முன்னால் கார்மின் ஜி3000 தொடுதிரைகள். வழக்கமாக விமானியோடு ஐந்து, ஆறு பேர், நெருக்கினால் இன்னும் ஒருவர். நான்கு பேரோடு போகக்கூடிய தூரம் 1,223 கடல் மைல் (ஒரு கடல் மைல் 1.85 கிலோமீற்றர்). 2018 இல் வந்த எலைட் வகைக்கு அது 1,437 ஆனது. 2022 இல் அறிவித்த எலைட் 2 க்கு 1,547.

இந்தத் தூர எண்ணுக்குப் பக்கத்தில் ‘நான்கு பேரோடு’ என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். வெறும் விமானம் ஏறக்குறைய 3,270 கிலோ. மொத்த எல்லையில் இருந்து கழித்தால் மிஞ்சுவது ஒன்றரைத் தொன். விமானி, பயணிகள், பெட்டிகள், எரிபொருள் எல்லாம் அதற்குள். ஏழு பேர், ஆளுக்கு 80 கிலோ, பெட்டிகளுக்கு 100 கிலோ என்று போட்டால் 660 போய்விடும். எரிபொருளுக்கு 880 கிலோ அளவு. எஞ்சின் இரண்டும் சேர்ந்து மணிக்கு 250 முதல் 300 கிலோ வரை குடிக்கும், மேலே ஏறுகிற முதல் மணித்தியாலத்தில் இன்னும் கூட. மாற்று நிலையத்துக்குப் போகவும் வானத்தில் சுற்றவும் சேமிப்பாகக் கால் பங்குக்கு மேல் ஒதுக்க வேண்டும். ஆக ஏழு பேரோடு இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடப் பறக்கலாம், அதாவது ஆயிரத்து ஐந்நூறு கிலோமீற்றர் அளவு. இது என் கைக்கணக்கு. விமானியின் கையேட்டில் இருக்கும் அட்டவணை இன்னும் நுணுக்கமாகச் சொல்லும். ஆனால் போக்கு இதுதான்: இருக்கையை நிரப்பினால் தூரம் போகும், தூரம் வேண்டும் என்றால் இருக்கை காலி.

மட்டக்களப்பில் இருந்து கோடு இழுத்துப் பாருங்கள். கொழும்பு இரத்மலானை நேர்கோட்டில் 220 கிலோமீற்றர் அளவு. ஜெட் உச்ச உயரத்துக்குப் போகக்கூட நேரம் இருக்காது, அந்தத் தூரத்துக்கு ஜெட் வீண் செலவு. பொலன்னறுவை, ஹபரண வழியாக பஸ்ஸில் இடுப்பொடிந்து போகிறவர்களுக்கு நான் இப்படிச் சொல்வது கோபம் வரலாம், ஆனால் அந்த வேலைக்கு சுழல்விசிறி வைத்த செஸ்னா காரவன் போன்றது போதும். சென்னை 610 கிலோமீற்றர், மாலைதீவின் மாலே ஆயிரத்துக்குக் கிட்ட. இரண்டும் ஹொண்டாஜெட்டுக்குப் பொருத்தமான பயணம், ஆட்களோடும் பெட்டிகளோடும். சிங்கப்பூர் 2,570 கிலோமீற்றர், ஏறக்குறைய 1,390 கடல் மைல். எலைட் வகைக்குக் கடதாசியில் எட்டும், எதிர்காற்று கொஞ்சம் பலமாக இருந்தால் எட்டாது. துபாய் 3,400 கிலோமீற்றர், 1,840 கடல் மைல். இப்போது பறக்கும் ஹொண்டாஜெட்டின் எந்த வகையும் நேரே போகாது, இந்தியாவில் எங்காவது இறங்கி எரிபொருள் ஏற்ற வேண்டும்.

பீனம் 300 இன் புதிய வகைக்கு விளம்பரத் தூரம் 2,010 கடல் மைல், ஐந்து பேரோடு. அதற்குத் துபாய் எட்டும். ஆனால் அது எட்டுத் தொன்னைத் தாண்டிய விமானம், விலையும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டையும் இலகு ஜெட் என்று ஒரே கூடையில் போடுவதே எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

இனி ஓடுபாதை. எலைட் வகை புறப்பட 1,064 மீற்றர் போதும் என்று எழுதியிருப்பார்கள். அந்த எண் கடல் மட்டம், 15 பாகை செல்சியஸ், காய்ந்த பாதை, காற்று இல்லை என்ற நிபந்தனைக்கு உரியது. கடல் மட்டம் எங்களிடம் இருக்கிறது, 15 பாகை இல்லை. கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலை மத்தியானத்தில் 35 பாகையைத் தொடும். சூடான காற்று ஐதானது. 33 பாகையில் மட்டக்களப்பில் நிற்கும் விமானம், தான் 2,000 அடிக்கு மேல் உயரமான மலையூரில் நிற்பது போலத்தான் நடந்துகொள்ளும். எஞ்சின் மூச்சு வாங்கும், இறக்கைக்குக் கூடுதல் வேகம் தேவைப்படும், ஓட்டமும் நீளும். விடியற்காலையில் புறப்பட்டால் இந்தப் பிரச்சினை பாதி குறையும். அதனால்தான் சூடான ஊர்களில் சிறு ஜெட் விமானிகள் சேவல் கூவ முன்னர் எழும்புகிறார்கள்.

இறங்குவதுதான் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. ஹொண்டாஜெட் இறங்க வரும் வேகம் சுமார் 110 நொட். ஒரு காலத்தில் ஏர் சிலோனின் டிசி-3 விமானங்கள் மட்டக்களப்புக்கும் அம்பாறைப் பக்கம் கல்லோயாவுக்கும் வந்து போயின. அவை ஹொண்டாஜெட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனம். இருந்தும் சிறிய பாதையில் இறங்கின, ஏனென்றால் வந்த வேகம் 85 நொட் அளவுதான். பிரேக் தின்ன வேண்டிய சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 85 இல் இருந்து 110 க்குப் போனால் ஒவ்வொரு கிலோவுக்கும் சக்தி ஏறக்குறைய 1.7 மடங்காக ஏறிவிடும். காரவன் விமானம் விசிறி அலகைத் திருப்பிப் பின்னோக்கித் தள்ளிப் பிரேக் பிடிக்கும். ஹொண்டாஜெட்டில் உந்துவிசையைத் திருப்பும் பொறி இல்லை, சில்லுப் பிரேக்கை நம்பியே நிற்க வேண்டும். பாதை நனைந்து கிடந்தால் சில்லுக்குப் பிடிப்பு இல்லை. ஹொண்டாஜெட்கள் ஓடுபாதையை விட்டு விலகி ஓடிய சம்பவங்கள் பல பதிவாகியிருக்கின்றன, இது விமான உலகில் பகிரங்கமாகப் பேசப்பட்ட விடயம். எலைட் 2 இல் தரையைத் தொட்டவுடன் இறக்கையில் எழும்பும் தகடுகளைச் சேர்த்தார்கள். அவை தூக்குவிசையைக் கொன்று எடையைச் சில்லின் மேல் போடும், பிரேக் பிடிக்கும். முதலிலேயே வைத்திருக்க வேண்டியது என்பது என் அபிப்பிராயம்.

மட்டக்களப்புக்கு வருகிற நவம்பர், டிசம்பர் மழையை யோசித்தால் இது சின்ன விடயம் இல்லை. எங்கட ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காகக் கிடப்பதால் வாடைக்கும் தென்மேற்குக் காற்றுக்கும் எதிராக இறங்கலாம், அது ஒரு நல்ல பக்கம். கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன், நீங்களே போட்டுப் பாருங்கள். வாடகைக்குப் பறக்கும் ஜெட், அமெரிக்க விதிப்படி, பாதையின் நூற்றுக்கு அறுபது பங்குக்குள் நின்றாக வேண்டும். நிற்க 900 மீற்றர் எடுக்கும் விமானத்துக்கு 1,500 மீற்றர் பாதை. நனைந்த பாதை என்றால் அதற்கு மேல் இன்னும் நூற்றுக்குப் பதினைந்து, அதாவது 1,725 மீற்றர். சொந்தக்காரர் தானே பறந்தால் அந்த விதி இல்லை, ஆனால் நனைந்த பாதைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. விமானத் தகவல் நூலில் மட்டக்களப்புக்கு அறிவித்திருக்கும் நீளத்தை எடுத்து இந்தக் கணக்கில் வையுங்கள். காய்ந்த விடியற்காலையில் இரண்டு, மூன்று பேரோடு ஒரு விடை வரும், மாரி மழையில் ஆறு பேரோடு வேறு விடை வரும். இறங்குமா என்று மொட்டையாகக் கேட்டால் எந்த விமானியும் பதில் சொல்லமாட்டார், எந்த நாள், எந்த எடை என்று திருப்பிக் கேட்பார்.

2018 மார்ச்சில் மட்டக்களப்பைச் சர்வதேச விமான நிலையமாக அறிவித்தார்கள், சரி. ஆனால் சென்னைக்கு நேரே போக அறிவிப்பு மட்டும் போதாது. அந்த நேரத்துக்குக் குடிவரவும் சுங்கமும் ஆட்களோடு இருக்க வேண்டும், ஜெட் எரிபொருள் இருக்க வேண்டும், விமானத்தின் அளவுக்கேற்ற தீயணைப்பு இருக்க வேண்டும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் கட்டுநாயக்கவில் இறங்கித்தான் போக வேண்டும்.

அம்பாறைப் பாதைக்கு எது பொருந்தும் என்றும் யாராவது அடுத்துக் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். சுவிஸ் கம்பனி பிலாட்டஸ் செய்யும் பிசி-24. 2017 டிசம்பரில் சான்று பெற்றது. கல்லும் புல்லும் உள்ள பாதையில் இறங்குவதற்கென்றே வடிவமைத்த ஜெட், புறப்பட 900 மீற்றருக்குள் போதும், பின்னால் பெரிய சாமான் கதவு. எட்டுத் தொன்னுக்கு மேல், விலை ஹொண்டாவின் இரண்டு மடங்குக்குக் கிட்ட. அவுஸ்திரேலியாவின் பறக்கும் மருத்துவர் சேவை நோயாளிகளை ஏற்ற அதை வாங்கியிருக்கிறது. கிழக்கில் இருந்து அவசர நோயாளியைக் கொண்டுபோக ஒரு ஜெட் என்று யாராவது கனவு கண்டால், நான் ஹொண்டாவை அல்ல, இதைத்தான் காட்டுவேன்.

கடைசியாக, ஹொண்டா அடுத்து என்ன செய்கிறது என்பது. 2021 இல் ஹொண்டாஜெட் 2600 என்று ஒரு பெரிய வடிவத்தைக் காட்டினார்கள், 2023 இல் அதற்கு எஷலான் என்று பெயர் வைத்தார்கள். எஞ்சின் அங்கேயும் இறக்கைக்கு மேலேதான். ஆனால் தங்கட எச்எஃப்120 ஐ விட்டுவிட்டு வில்லியம்ஸ் கம்பனியின் எஃப்ஜே44 ஐத் தெரிவு செய்திருக்கிறார்கள், இது எனக்குக் கொஞ்சம் வியப்பு. இலக்குத் தூரம் 2,625 கடல் மைல், ஏறக்குறைய 4,860 கிலோமீற்றர். சான்றிதழுக்கு அவர்கள் குறித்த வருடம் 2028. அந்தத் தூரத்துக்குள் துபாயும் வரும், 3,750 கிலோமீற்றரில் இருக்கிற தோஹாவும் வரும். ஆனால் அவ்வளவு எரிபொருளையும் ஏற்றிக்கொண்டு கச்சான் காலத்து மத்தியானத்தில் திமிலதீவுப் பக்கத்துப் பாதையில் இருந்து எழும்ப எத்தனை மீற்றர் தேவை என்பதை, விமானக் கையேடு வெளிவந்த பிறகு நீங்களே மேலே சொன்ன முறையில் கணக்கிட்டுக்கொள்ளலாம் தம்பி.